ஆறு டோக்கன், ஐந்து டார்ச்

முதல் கப்பல் ஏறப்போகும் பதினான்கு பேருக்கும்,

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்து, பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் கடைசிப் பக்கத்தில் கணக்கு உதைத்தது. கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

புயல், கடற்கொள்ளையர், நடுக்கடலில் நின்றுபோன இயந்திரம் என்று எதையாவது எதிர்பார்த்திருப்பீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் புயல்களைப் பார்த்திருக்கிறேன். பயந்திருக்கிறேன், ஆனால் குழம்பியதில்லை. குழம்பியது வானம் தெளிவாக இருந்த ஒரு காலையில், கப்பல் நங்கூரத்தில் அசையாமல் நின்றபோது, முப்பத்தொரு நிமிடம். அந்தக் குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. தீர்ந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தால் நீங்களும் ஓய்வுபெற்றுவிடுவீர்கள்.

எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மரக்காணத்தில் என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் உப்பளம் தெரியும். போன திங்கட்கிழமை மாலை நாற்பத்து மூன்று உப்புக் குவியல். மறுநாள் காலை நாற்பத்தொன்று. இடையில் லாரி எதுவும் வரவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"ரெண்டு குவியலு எங்கயும் எழுந்து நடந்து போவாது. கண்ணாடிய தொடச்சிட்டுப் பாருங்க" என்றாள்.

துடைத்துவிட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் என் முதல் கப்பலின் தலைமை அதிகாரி. அவர் பெயர் வேண்டாம். உயிர்காப்புச் சட்டைகள் எத்தனை இருக்கின்றன என்று ஒருநாள் கேட்டார். போன மாதக் குறிப்பைப் பார்த்து இருபத்தெட்டு என்றேன். என்னை அழைத்துப்போய்ப் பெட்டிகளைத் திறந்து எண்ணினார். இருபத்தெட்டுதான் இருந்தன. தப்பித்தோம் என்று நின்றேன். "சரியாகச் சொன்னாய். ஆனால் நீ எண்ணவில்லை" என்றார். அன்று பகல் முழுவதும் கப்பலில் இருந்த ஒவ்வொரு வாளியையும் தீயணைப்புக் குழாயையும் எண்ணவைத்தார். கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். அவர் சொன்னது எனக்குப் புரிய இருபது ஆண்டு ஆயிற்று. அதற்குள் நானே ஒரு கப்பலின் தலைமை அதிகாரி.

அந்தக் கப்பலில் உப்பு ஏற்றியிருந்தோம். மூட்டையில்லாமல், மணல்போல் அப்படியே கொட்டி ஏற்றிய உப்பு. ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறக்கி முடித்துவிட்டு வெளியே நங்கூரமிட்டு நின்றோம். மாலைக்குள் காற்று பலமாகும் என்று வானிலைச் செய்தி வந்திருந்தது. சரக்கில்லாத கப்பல் தக்கைபோல் ஆடும். அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால்தான் நிலைகொள்ளும். பதினொரு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார் கேப்டன். அவர் சொன்னதில் தவறே இல்லை.

ஒரு தொட்டியில் மட்டும் சேறு தங்கியிருந்தது. அதை வாரி எடுக்க ஆறு பேர் இறங்கினார்கள். மேலே கயிறு கட்டி வாளிகளை இழுத்துக்கொண்டிருந்தவர் தட்சிணாமூர்த்தி. அவர் போசன், அதாவது தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. வானூர்ப் பக்கத்து ஆள். உள்ளே இறங்கிய ஆறு பேரில் ஒருவன் ஏழுமலை, மரக்காணத்தான், போசனின் தங்கையைக் கட்டியவன். போசன் சொல்லித்தான் கப்பல் வேலைக்கு வந்தான். இன்னொருவன் சேவியர். காலாப்பட்டுப் பையன், எங்கள் எல்லாரையும்விட வேகமாக வேலை செய்வான்.

தொட்டிக்குப் போக ஒரே வழி, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் பக்கத்தில் நானே வண்ணமடித்து மாட்டிய ஒரு பலகை. பலகையில் ஆறு கொக்கி. ஒவ்வொருவனுக்கும் எண் போட்ட ஒரு பித்தளை டோக்கன். இறங்கும்போது தன் டோக்கனைக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் தன் கையால் எடுக்க வேண்டும். கொக்கி காலி என்றால் தொட்டி காலி. கப்பலுக்கு வந்த சோதனை அதிகாரி ஒருவர் அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து மணிக்கு வேலை முடிந்தது. ஒவ்வொருவனாக ஏறி வரத் தொடங்கினார்கள். சேறும் பூட்ஸுமாக அந்தத் துளையைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். நான் கத்தினேன். "கூட்டம் போடாதீங்கப்பா! டோக்கன எடுத்துட்டு நகருங்க, சீக்கிரம்!" அப்போது வாக்கி டாக்கியில் கேப்டன் கூப்பிட்டார். சத்தத்தில் காது கேட்கவில்லை என்று முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தபோது ஆறு கொக்கியும் காலி. எண்ணினேன். ஆறு. மூடச் சொன்னேன்.

காற்று ஊதும் விசிறியை எடுத்தார்கள். இரும்பு மூடியை வைத்தார்கள். மூடிக்கு இருபது நட்டு. எட்டு நிமிடத்தில் ஏழு நட்டு முடுக்கியாயிற்று. அப்போது போசன் டார்ச் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், டார்ச்சு ஒண்ணு கொறையுது. அஞ்சுதான் இருக்குது."

"உள்ள போனது?"

"ஆறு. எவனோ உள்ள விட்டுட்டு வந்திருக்கான். தண்ணிய உடறதுக்குள்ள சொல்லிட்டா தேவலை. மூடிட்டோமே, வுடுங்க சார், பழைய டார்ச்சுதான்."

ஆறு டோக்கன். ஐந்து டார்ச். என் வாழ்க்கையில் இரண்டு எண்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றது அப்போதுதான். எது சரி? டார்ச் என்பது எங்கேயும் விழக்கூடிய பொருள். டோக்கன் என் ஏற்பாடு. என் ஏற்பாட்டை நம்பத்தான் எனக்கு ஆசை. இருந்தாலும் ஆட்களைக் கூப்பிட்டேன். ஐந்து பேர் வந்தார்கள். ஏழுமலை இல்லை.

"மாப்ளயா? இப்பதான் டீ குடிக்கப் போச்சு. நான் பாத்தேனே" என்றார் போசன்.

"பாத்ரூம் பக்கம் போனான் சார்" என்றான் ஒருவன்.

"முன்பக்கம் கயிறு சுத்தறதப் பாத்தேன்" என்றான் மற்றொருவன்.

யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே நிற உடுப்பு, ஒரே தொப்பி, முகமெல்லாம் சேறு. இப்போது எழுதும்போது சிறுபிள்ளைக்கும் தெரிகிறது: ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருக்க முடியாது. அந்த மூன்று பேச்சையும் சேர்த்தால் அவனை யாருமே பார்க்கவில்லை என்றுதான் பொருள். நானோ மூன்று சாட்சி என்று கூட்டினேன். மூன்று பேரையும் அந்த மூன்று இடத்துக்கும் அனுப்பித் தேடச் சொன்னேன்.

ஆறு நிமிடம் போயிற்று. மூடி மூடியபடியே இருந்தது.

தேடப் போனவர்கள் ஒவ்வொருவராக வெறுங்கையோடு திரும்பினார்கள். கேப்டன் வாக்கி டாக்கியில், ஒரு டார்ச்சுக்காகக் கப்பலை நிறுத்துவாயா என்று கேட்டார். நான் வாக்கி டாக்கியை அணைத்தேன். சேவியர் முகத்தைப் பார்த்தேன். அவன் கால்சட்டைப் பையில் கையை விட்டு இரண்டு டோக்கனை எடுத்தான். மூன்றாம் எண். ஐந்தாம் எண். ஐந்து, ஏழுமலையுடையது.

"பின்னாடியே வந்தான் சார்... என் காலுக்குக் கீழதான் இருந்தான் சார்..." என்றான்.

இரண்டு நிமிடத்தில் ஏழு நட்டும் கழன்றன. மூடி நகர்ந்ததும் கூப்பிட்டோம். ஸ்பேனரால் இரும்பில் தட்டினோம். பதில் இல்லை. போசன் காலை உள்ளே விட்டார். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, அந்தத் துளையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆம், உட்கார்ந்துவிட்டேன். வேறு எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. அவர் என்னைவிடப் பலசாலி.

நான்கு ஆண்டுகளாக 'சார்' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர் அவர்.

"யோவ், எழுந்திருய்யா! உள்ள கெடக்கறது என் தங்கச்சி தாலிய்யா!"

"மூச்சுக்கருவி வரட்டும்."

"மீட்டரு உட்டுப் பாத்தியே, நல்லா காட்டுதே! காத்து இருக்குதுன்னு காட்டுதே!"

அதுவும் உண்மை. மூடி நகர்ந்ததுமே, காற்றை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டித் துளைக்கு நேர் கீழே இறக்கிப் பார்த்திருந்தோம். காற்று நன்றாக இருப்பதாகத்தான் காட்டியது. மீண்டும் இரண்டு எண்கள், மீண்டும் எது சரி என்று தெரியாத நிலை. மீட்டர் நல்லது என்கிறது, ஆள் பதில் பேசவில்லை. அந்த இரண்டில் ஆளைத்தான் நம்பினேன்.

"நீ எறங்குனா ரெண்டு பேரு. அப்புறம் உன் தங்கச்சிக்கு அண்ணனும் இருக்க மாட்டான். உக்காரு தட்சிணாமூர்த்தி."

அவர் என் முகத்தில் துப்பினார். துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தால் நகர்ந்துவிடுவேனோ என்று பயந்து அப்படியே இருந்தேன். ஐந்து நிமிடம். முதுகில் காற்று உருளையும் முகத்தில் கவசமுமாக இரண்டு பேர் இறங்கினார்கள். பத்து நிமிடத்தில் ஏழுமலையைக் கட்டித் தூக்கினோம். தொட்டியின் கடைசி அறையில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். அங்கே பார்த்த மீட்டரில் காற்று ஆள் பிழைக்கும் அளவுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது.

எட்டு, ஆறு, இரண்டு, ஐந்து, பத்து. முப்பத்தொன்று.

ஏன் காற்று இல்லை என்பது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் உள்ள உயிர்க்காற்றைத் தின்றுவிடும். உப்புப் பட்ட இரும்பு இன்னும் பசியோடு தின்னும். உப்பளத்துக்காரன் மகன் நான். எங்கள் அப்பா உப்பு வாருவதற்கு மரப்பலகைதான் வைத்திருந்தார். அளத்தில் மறந்து விட்ட இரும்பு மண்வெட்டி அடுத்த பருவத்தில் தவிட்டு நிறப் பொருக்காகக் கையில் உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவன். உப்பு இரும்பைத் தின்னும் என்று தெரியும். கூடவே காற்றையும் தின்னும் என்று படித்தும் இருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் அன்று வரவில்லை.

கரையில் ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் ஏழுமலை என்னிடம் பேசினான். அவன் சொன்னதை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது.

"ஒண்ணும் கஷ்டமாவே இல்ல சார். வாளிய எடுத்தேன், கால் கொஞ்சம் அசதியா இருந்துச்சு, சும்மா உக்காந்தேன். நட்டு முடுக்கற சத்தம் கேட்டுச்சு."

"கேட்டுதா? அப்ப ஏன்பா கத்தல?"

"மூடறாங்கன்னு தெரிஞ்சுது சார். சரி, மூடட்டும்னு இருந்தேன்."

காற்றுக் குறைந்தால் மூச்சு முட்டும், திணறும், கத்தத் தோன்றும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். முதலில் போவது கவலை. கவலைப்பட வேண்டிய இடத்தில் 'சரி, இருக்கட்டும்' என்று தோன்றும். அவனாவது காற்றில்லாத இடத்தில் இருந்தான். நான் கடற்காற்றில் நின்றுகொண்டு ஆறு கொக்கியைப் பார்த்து 'சரி' என்றேனே, அதற்கு என்ன சொல்ல?

இதுவரை எழுதியதை நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். துளைமேல் உட்கார்ந்த கதை என்று பெயர். கைதட்டுவார்கள். போசன்கூட இரண்டு ஆண்டு கழித்து, "அன்னைக்கு நீங்க உக்காரலன்னா நான் செத்திருப்பேன் சார்" என்றார். பேசாமல் விட்டவை இனி வருகின்றன. முந்தைய நான்கு முறையும் இந்த இடத்தில்தான் கிழித்தேன்.

விபத்து அறிக்கையை எழுதியவன் நான். 'ஒரு பணியாளர் விதியை மீறி இன்னொருவருடைய டோக்கனையும் எடுத்ததால் தொட்டி காலியென்று தவறாகக் கொள்ளப்பட்டது.' இந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் கத்தியது அதில் இல்லை. முதுகைத் திருப்பியது இல்லை. அந்த ஆறு நிமிடமும் இல்லை; 'உடனே திறக்கப்பட்டது' என்றிருந்தது. அது பொய். ஆக ஒரு பொய், இரண்டு மறைப்பு. சேவியரை அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பினார்கள். அதன்பின் எந்தக் கப்பலும் அவனைக் கூப்பிடவில்லை. இரண்டு ஆண்டில் நான் கேப்டன் ஆனேன்.

ஏழுமலை கடலுக்குத் திரும்பவில்லை. இங்கே உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கிறான். வலக்கையில் இரண்டு விரல் சில நேரம் சொன்னபடி கேட்பதில்லை. தெரிந்தவர்கள் பெயரே சட்டென்று வராது. டாக்டர்கள் அந்த முப்பத்தொரு நிமிடத்தால் இருக்கலாம் என்கிறார்கள், இல்லாமலும் இருக்கலாம் என்கிறார்கள். அந்த ஆறு நிமிடம் போக இருபத்தைந்து என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

உங்களுக்கு எழுத வேண்டுமே என்று போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அளத்துக்குப் போனேன். பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க கேப்டன் சார். குவியல எண்ண வந்தீங்களா? முப்பத்தொம்போது."

"நாப்பத்திரண்டு இல்ல?"

"நீங்க மாடியில நின்னு எண்ணுவீங்க. நான் பக்கத்துல நின்னு எண்றேன்" என்று சிரித்தான்.

சொன்னேன். "ஏழுமலை, அன்னைக்கு டார்ச்சு கொறையுதுன்னதும் மூடிய தெறக்கலப்பா. ஆறு நிமிஷம் உன்ன கப்பல்ல தேடினோம். நான்தான் தேடச் சொன்னேன். தெறந்துட்டுத் தேடியிருக்கணும்."

டீ கிளாஸை இடக்கைக்கு மாற்றினான். திட்டுவான் என்று நின்றேன். திட்டினால் கணக்குத் தீரும் என்றுகூட நினைத்தேன்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும் சார்" என்றான். "சேவியரு அவனா எடுக்கல. நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

"என்னன்னு?"

"வாளி ஒண்ணு மூலையிலயே கெடந்துச்சு. நீங்க மேல கத்திக்கினு இருந்தீங்க. 'டேய், அந்தாளு கத்தறான், என்னுதையும் எடுத்துடு, நான் வாளிய எடுத்துட்டு வந்துடறேன்'னேன். சரிண்ணான்னுட்டு போனான்."

'அந்தாளு' நான்தான்.

"இத அவனும் சொல்லலையே?"

"நான் படுத்துக் கெடக்கறப்ப என் பேர்ல சொல்ல வேணாம்னு உட்டிருப்பான். எனக்கு மொதல்ல ஞாபகமே வரல. வந்தப்ப அவன் ஊருக்கு வந்துட்டான். இனிமே சொல்லி என்னா ஆவப்போவுதுன்னு நானும் உட்டுட்டேன்."

வரப்பில் நின்றபடியே விரல் மடக்கினேன். கத்தியது, முதுகைத் திருப்பியது, எடுக்கச் சொன்னது, எடுத்தது. நான்கு தவறு, மூன்று ஆள். அறிக்கையில் இருந்தது ஒன்று. வேலை போனதும் ஒருவனுக்குத்தான்.

"சேவியர் இப்ப எங்க இருக்கான்?"

"காலாப்பட்டுல ரோட்டு மேலயே பஞ்சர் கடை வெச்சிருக்கான். பஸ்ஸுல போறப்ப தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கெழம போய் அவன்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன். அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது, போகப்போகிறேன் என்று.

ஏழுமலை முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "போங்க சார், போங்க. போறப்ப என்னுதையும் சேத்து சொல்லிடுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அன்று தொட்டிக்குள் சேவியரிடம் சொன்ன அதே பேச்சு. அவனுக்கும் கேட்டுவிட்டது.

"அத நீதான் எடுக்கணும், ஏழுமலை."

அவன் கிளாஸில் மிச்சமிருந்த டீயை வரப்பில் ஊற்றினான். "ஏழேகாலுக்கு ஒரு வண்டி இருக்குது. பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினான். பாக்கலாம் என்றால் வருவான் என்றா, வரமாட்டான் என்றா? ஐந்து நாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஞாயிறு. இப்போது ஆறு நாற்பது. சட்டை மாற்றிக்கொண்டு இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூடுமுன் தலையை எண்ணுங்கள், கொக்கியை அல்ல. சந்தேகம் வந்தால் முதலில் திறங்கள், பிறகு தேடுங்கள். ஆள் விழுந்துவிட்டான் என்றால் அடுத்தவனை இறங்க விடாதீர்கள், துப்பினாலும் விடாதீர்கள். நீங்கள் அவசரப்படுத்தியதால் ஒருவன் தவறு செய்திருந்தால், அவன் தவறை எழுதும் தாளில் உங்கள் அவசரத்தையும் எழுதுங்கள்.

தெரியாதது அதைவிட அதிகம். அந்த ஆறு நிமிடம் ஏழுமலையின் விரலை எடுத்ததா என்று தெரியாது. அறிக்கையை முழுதாக எழுதியிருந்தால் சேவியர் கப்பலில் இருந்திருப்பானா என்று தெரியாது. இத்தனை ஆண்டு கழித்துப் போய் நின்றால், ஸ்டூலை இழுத்துப் போடுவானா, பஞ்சர் ஒட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டு எங்களைப் போகச் சொல்வானா என்றும் தெரியாது. போய் என்ன பேச வேண்டும் என்று மூன்று வாக்கியம் தயார் செய்தேன். மூன்றும் அறிக்கைபோல இருக்கின்றன.

ஆறு ஐம்பத்தெட்டு. ஏழுமலையைக் காணோம்.

ஏழு ஆறு. வீட்டுக் கதவின் கொக்கியை யாரோ தட்டுகிறார்கள். மாடியிலிருந்து பார்க்கிறேன். வெள்ளைச் சட்டை, தலையை அழுந்த வாரியிருக்கிறான், வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"கேப்டன் சார், வண்டி போயிடும், வாங்க" என்கிறான்.

அவனும் நானுமாக இரண்டு பேர். இறங்கிப்போய்ப் பக்கத்தில் நின்று இன்னொரு முறை எண்ணிக்கொள்கிறேன்.